துவிச்சக்கர வண்டியில் ஏஞ்சலிஸ் வனம்

லொஸ் ஏஞ்சலிஸ் என்ற பெயரைக் கேட்டவுடன் திரைப்பட நிலையங்களும், நெரிசல் மிகுந்த பெருந்தெருக்களும், பசிபிக் சமுத்திரத்தின் கரையுமே நேயர்கள் பலருடைய மனக்கண் முன் வந்து நிற்கும். அந்த மாநகரத்தின் முதுகுப்புறத்தில் சான் கேபிரியேல் என்னும் மலைத்தொடர் மதில்போல எழுந்து நிற்கின்றது. அங்கே கரடியும் மலைச்சிங்கமும் காட்டுச் செம்மறியும் இன்றும் திரிகின்றன. அம்மலைகளின் முடியை ஒட்டியே 66 மைல் நீளமான ஒரு சாலை செல்கின்றது. இவையெல்லாம் அத்துணை பிரசித்தமானவை அல்ல. ஏஞ்சலிஸ் கிறெஸ்ற் பெருந்தெரு என்பது அச்சாலையின் பெயர். மலைமுடியின் வழியே செல்வது என்பதால் வந்த பெயர் அது.

மோட்டார் வண்டியிற் செல்பவர் இச்சாலையில் ஏறி இரண்டு மணி நேரத்துக்குள் மறுபுறம் இறங்கிவிடலாம். இயற்கைக் காட்சி நன்றாயிருந்தது என்று சொல்லி அவர் வீடு திரும்புவார். துவிச்சக்கர வண்டியில் ஏறுபவருடைய கதை வேறு. அவருக்கு இச்சாலை ஒரு முழுப் பகற்பொழுதின் வேலை. வழியில் எங்கே நிழல் உண்டு, எங்கே காற்று எதிர்த்து வரும், எங்கே பாறை உதிர்ந்து கிடக்கும் என்பவற்றையெல்லாம் அவர் தொடையினாலும் மூச்சினாலும் அறிந்துகொள்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் எங்கே இல்லை என்பதை அறிந்துகொள்கிறார். இச்சாலையின் வரலாறும் அது செல்லும் வனத்தின் வரலாறும் தண்ணீரின் வரலாறே ஆகையால், அந்த அறிவு அவருக்கு மிகவும் பொருத்தமான அறிவு எனலாம்.

ஐக்கிய அமெரிக்காவில் தேசியப் பூங்கா என்பது ஒன்று, தேசிய வனம் என்பது மற்றொன்று. பூங்காக்கள் உள்நாட்டு அமைச்சின் பொறுப்பில் உள்ளவை. அவற்றின் நோக்கம் இயற்கையை உள்ளபடியே பேணுதல். தேசிய வனங்களோ விவசாய அமைச்சின் கீழுள்ள வனச்சேவையின் பொறுப்பு. மரம் வெட்டல், மேய்ச்சல், வேட்டை, நீர்த்தேக்கம், உல்லாசப் பயணம் ஆகிய பல காரியங்களுக்கும் அங்கே இடமுண்டு. ஏஞ்சலிஸ் தேசிய வனம் ஏறக்குறைய ஏழு இலட்சம் ஏக்கர் பரப்புள்ளது. ஆயினும் அது முதன்முதலில் மரத்துக்காகக் காக்கப்பட்ட வனம் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலையடிவாரத்துச் சமவெளியில் தோடைத் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களுக்கு வேண்டிய நீர் மலையோடைகளிலிருந்தே வரவேண்டியிருந்தது. மலைச்சரிவுகள் தீக்கிரையாகிப் புதரும் மரமும் அழிந்தால், மாரியில் வெள்ளமும் கோடையில் வரட்சியுமே மிஞ்சும் என்பதை அங்குள்ளோர் கண்டுகொண்டனர். கலிபோர்னியா மாநில வனச்சபையின் தலைவராக இருந்த அபட் கின்னி என்பவர் இதற்காக ஓயாது வாதாடினார். 1892ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆந் திகதி ஜனாதிபதி பெஞ்சமின் ஹரிசன் இம்மலைகளை ஒதுக்கு வனமாகப் பிரகடனஞ் செய்தார். கலிபோர்னியாவில் அவ்வாறு ஒதுக்கப்பட்ட முதலாவது வனம் இதுவே. 1908ஆம் ஆண்டில் ஏஞ்சலிஸ் தேசிய வனம் என்ற பெயர் அதற்கு வந்தது.

சாலை லா கன்யாடா என்னும் அடிவாரத்து ஊரிலே தொடங்குகின்றது. கடல் மட்டத்திலிருந்து அவ்விடத்தின் உயரம் ஏறக்குறைய 1,300 அடி. விடியுமுன் அங்கே வந்து நிற்கும் துவிச்சக்கர வண்டிக்காரருக்கு வலப்புறம் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இருளிலே கிடக்கின்றது. அரோயோ செக்கோ என்பது அதன் பெயர். ஸ்பானிய மொழியிலே வறண்ட ஓடை என்று பொருள். பெயரிட்டவர்கள் கோடையிலே வந்தவர்கள் போலும்! மாரியிலே வந்திருந்தால் வேறு பெயர் இட்டிருப்பர். அந்த ஓடையின் மணற்படுகையிலே 1936ஆம் ஆண்டு சில இளைஞர்கள் ஒரு சிறு ரொக்கற் பொறியைக் கொளுத்திப் பரிசோதித்தனர். அந்த முயற்சியிலிருந்து வளர்ந்த ஆய்வுகூடமே இன்று பிற கிரகங்களுக்கு விண்கலங்களை அனுப்புகின்றது. சாலையின் முதல் வளைவுகளிலிருந்து கீழே நோக்கினால் அதன் கட்டடங்களைக் காணலாம். சூரிய குடும்பத்தையே கடந்து சென்ற கலங்களைச் செய்த இடத்தின் அருகே, மணிக்கு ஒன்பது மைல் வேகத்தில் ஒருவர் மிதித்துக்கொண்டு ஏறுவது ஒரு வேடிக்கையான காட்சிதான்.

முதற் பதினான்கு மைலும் ஏறக்குறைய இடைவிடாத ஏற்றம். ரெட் பொக்ஸ் என்னும் கணவாயை அடையும்போது உயரம் 4,600 அடிக்குச் சற்று மேலாகிவிடும். அதாவது, நூறு அடி முன்னே சென்றால் நாலரை அடி மேலே ஏறவேண்டும். கேட்பதற்கு இது பெரிதாகத் தோன்றாது. ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளில் இதனிலும் செங்குத்தான சாலைகள் எத்தனையோ உண்டு. ஆனால், செங்குத்தான சிறு ஏற்றத்தை ஆவேசத்தினால் கடந்துவிடலாம். பதினான்கு மைல் நீண்ட ஏற்றத்தில் ஆவேசம் முதல் மைலிலேயே தீர்ந்துபோகும்.

இதனைக் கணக்காகவே பார்க்கலாம். வண்டியும் ஆளுமாக 85 கிலோகிராம் எடை என்று கொள்வோம். அந்த எடையை ஆயிரம் மீற்றர் உயரத்துக்குத் தூக்கவேண்டும். பயிற்சியுள்ள ஒருவர் இடைவிடாது 200 உவாற்று வலுவைத் தம் கால்களாற் கொடுப்பாராயின், அந்த எடையைத் தூக்குவதற்கு மாத்திரமே எழுபது நிமிடம் ஆகும். காற்றின் தடையும் ரயரின் உராய்வும் சேர்ந்து அதை ஒன்றரை மணி நேரம் ஆக்கிவிடும். முதல் அரை மணியில் 300 உவாற்று செலவிட்டுவிட்டுப் பின்னர் களைத்துப்போய் 120 உவாற்றுடன் தவழ்பவரைப் பார்க்கிலும், தொடக்கத்திலிருந்தே ஒரே அளவாக மிதிப்பவர் முன்னதாகப் போய்ச் சேருவார். அநுபவமுள்ளவர்கள் முதல் இரண்டு மைலிலும் பேசிக்கொண்டே ஏறுவார்கள். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்குமானால் வேகம் அதிகம் என்பது அவர்கள் கைக்கொள்ளும் எளிய அளவுகோல்.

வண்டியின் அமைப்பும் இதற்கு ஏற்றதாயிருக்கவேண்டும். ஊர்த்தெருவில் ஓடும் சாதாரணத் துவிச்சக்கர வண்டியில், மிதி ஒரு முறை சுற்றும்போது பின் சக்கரம் இரண்டரை முறை சுற்றும். சமதரையில் அது சுகம். மலையில் அது முழங்காலுக்குப் பகை. இக்காலத்து மலையேற்ற வண்டிகளில் சங்கிலியைப் பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றி, மிதி ஒரு சுற்றுக்குப் பின் சக்கரமும் ஏறக்குறைய ஒரே சுற்றுச் சுற்றுமாறு செய்துகொள்ளலாம். பிரான்ஸ் நாட்டைச் சுற்றி நடக்கும் புகழ்பெற்ற ஓட்டப் போட்டியிலே 1937ஆம் ஆண்டு வரைக்கும் இந்தச் சங்கிலி மாற்றும் கருவிக்கு அநுமதி இல்லை. ஓட்டக்காரர் மலையடிவாரத்தில் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றி, மறுபுறத்திலுள்ள பற்சக்கரத்தைச் சங்கிலியில் மாட்டி, மீண்டும் ஏறிச் சென்றனர். கருவியின் உதவியோடு வெல்வது வீரத்துக்கு இழுக்கென்று கருதினார் அப்போட்டியை நிறுவிய ஹென்றி டெகிரான்ஜ். முழங்கால் அவருடையது அன்றே!

ஏறிச் செல்லச் செல்ல இருபுறமும் புதர்க்காடு. ஆளுயரம், சிலவிடங்களில் இரட்டை ஆளுயரம். தடித்த சிறிய இலைகள். வெயிலிலே பிசின் மணக்கும் கொம்புகள். கோடை முழுதும் மழையே காணாத நிலத்தில் வாழப் பழகியவை அவை. எரிந்தால் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். சிலவற்றின் விதை தீயின் சூடு பட்டாலன்றி முளைக்கவே முளையாது. இங்கே நிழல் இல்லை. எனவேதான் விடியுமுன் புறப்படவேண்டும் என்பது. எட்டு மணிக்குப் பின் இப்பகுதியில் ஏறுபவர், சூடேறிய பாறைச் சுவருக்கும் சூடேறிய தாருக்கும் இடையில் வாட்டப்படுவார்.

ரெட் பொக்ஸ் கணவாயிலே ஒரு கிளைச்சாலை வலப்புறம் திரும்பி, ஐந்து மைல் ஏறி, வில்சன் மலையின் உச்சியை அடைகின்றது. அங்கேதான் நூறு அங்குல விட்டமுள்ள ஹூக்கர் தொலைநோக்கி இருக்கின்றது. 9,000 இறாத்தல் எடையுள்ள அதன் கண்ணாடியை 1917ஆம் ஆண்டில் மலையின் தென்முகத்திலிருந்த பழைய ஒடுங்கிய வண்டிப்பாதை வழியாக, பாரவண்டி ஒன்றில் ஏற்றி மிக மெதுவாக மேலே கொண்டு சென்றனர். ஒரு சக்கரம் விளிம்பைத் தாண்டியிருந்தால் ஆண்டுக் கணக்கான உழைப்புப் பள்ளத்தில் விழுந்து நொறுங்கியிருக்கும். ஆறு ஆண்டுகளின் பின், 1923ஆம் ஆண்டில், அந்தக் கண்ணாடியின் துணைகொண்டு எட்வின் ஹபிள் அந்திரோமேடா என்பது நமது பால்வீதிக்கு வெளியேயுள்ள வேறொரு நட்சத்திர மண்டலம் என்று காட்டினார். துவிச்சக்கர வண்டிக்காரர் பலர் இந்த உச்சியோடு திருப்தியடைந்து திரும்பிவிடுவர். அதிலே குறை ஒன்றும் இல்லை. கால் உள்ளபோதே திரும்புவது அறிவுடைமை.

மேலே தொடர்பவர் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். இச்சாலையில் லா கன்யாடாவை விட்டால் மறுபுறத்து றைற்வுட் என்னும் மலையூர் வரையில் பெற்றோல் நிலையம் இல்லை, கடை இல்லை, கைத்தொலைபேசியும் பெரும்பாலான இடங்களிற் பேசாது. சிலாவோ என்ற இடத்துக்கு அருகே நெடுங்காலமாக ஒரு விடுதி இருந்தது. தலைமுறை தலைமுறையாக வழிப்போக்கர்கள் அங்கே கோப்பி அருந்தினர், தண்ணீர் நிரப்பிக்கொண்டனர். அது 2020ஆம் ஆண்டு மூடப்பட்டது. பழைய வரைபடத்தையோ பழைய நண்பரின் சொல்லையோ நம்பி, அங்கே குழாய் உண்டு என்று எண்ணிச் செல்பவர் ஏமாறுவார். வெயிலில் மலை ஏறும் உடல் மணிக்கு ஒரு லீற்றர் வரை வியர்வையாகவே இழந்துவிடும். வண்டியிற் பூட்டிய இரண்டு போத்தல்களும் சேர்ந்தால் ஒன்றரை லீற்றர்தான். ஐந்தாறு மணி நேரப் பயணத்துக்கு அது போதாது என்பதைக் கணக்குப் பார்க்காமலே அறியலாம். ஆகவே, முதுகிலே ஒரு நீர்ப்பை, அல்லது மோட்டார் வண்டியில் வரும் ஒரு நண்பர், இரண்டில் ஒன்று வேண்டும். எல்லாத் தண்ணீரும் பாதியாகும்போது தூரமும் பாதி ஆகியிருத்தல் வேண்டும் என்று சிலர் சொல்வர். அது கூடத் தாராளமான விதி. மூன்றில் ஒரு பங்கு முடிந்தவுடன் திரும்புவதைப் பற்றி யோசிப்பவரே வீடு சேருவார்.

ஐயாயிரம் அடிக்கு மேல் காட்டின் முகமே மாறிவிடுகின்றது. புதர் விலகித் தேவதாரு இனத்து மரங்கள் ஒவ்வொன்றாக எதிர்ப்படுகின்றன. கூல்ற்றர் பைன் என்னும் மரத்தின் காய் நான்கு கிலோகிராம் வரை எடையுள்ளது. கூரிய கொளுவிகள் நிறைந்தது. அதன் நிழலில் இருந்து இளைப்பாறுவது புத்தியன்று. ஜெவ்ரி பைன் மரத்தின் பட்டையில் மூக்கை வைத்து முகர்ந்தால் வனிலாவின் மணம் வரும். காற்றிலே குளிர்ச்சி தட்டுகின்றது. ஆயிரம் அடி உயர்ந்தால் வெப்பநிலை மூன்று அல்லது மூன்றரைப் பரனைற்றுப் பாகை குறையும் என்ற பாடநூல் விதியை இங்கே தோலே படித்துச் சொல்கின்றது. மோட்டார் வண்டியிற் செல்பவருக்கு இந்த மாற்றம் ஒரு கணத்திற் கடந்துபோகும். மிதித்து வந்தவருக்கோ முதல் மரநிழல் ஒரு வரப்பிரசாதம். அவர் அதை அரை மைல் தூரத்திலிருந்தே கண்டு, அதைக் குறிவைத்தே மிதித்திருப்பார்.

முப்பத்துமூன்று மைல் அளவிலே கிளவுட்பேர்ஸ்ற் கணவாய் வருகின்றது. மேகவெடிப்பு என்பது அப்பெயரின் பொருள். உயரம் 7,018 அடி. இலங்கை நேயர்கள் மனத்திற் கொள்வதற்காகச் சொன்னால், நுவரெலியா நகரத்தைப் பார்க்கிலும் ஏறக்குறைய 900 அடி உயரம் அது. ஆனால், நுவரெலியாவின் பசுமையையும் பனிப்புகாரையும் இங்கே தேடலாகாது. கோடையில் இங்கே வானம் கண்ணைக் கூசவைக்கும் நீலம். நாக்கு உலர்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பயணத்தின் தீர்ப்பு இக்கணவாயிலேதான் எழுதப்படுகின்றது. மறுபுறம் சாலை இறங்குகின்றது. காற்று முகத்தில் அடிக்க, கால்கள் ஓய்வு பெற, உள்ளம் குதூகலிக்க, எவருக்கும் இறங்கிச் செல்லவே தோன்றும். ஆனால், இறங்கும் ஒவ்வோர் அடியும் திரும்பி வரும்போது ஏறவேண்டிய அடி. ஏழு மைலுக்கு அப்பால் ஐஸ்லிப் கணவாயை அடைந்து, அங்கே தண்ணீர் தீர்ந்து திரும்புகின்றவர், உச்சி வெயிலிலே மீண்டும் 7,018 அடிக்கு ஏறினாலன்றி வீட்டுக்கு வழி இல்லை. சாதாரண மலையில் உச்சியை அடைந்தால் பாதிக் கவலை தீரும்; முடியை ஒட்டிச் செல்லும் சாலையில் உச்சி பல. வலிமை குன்றாத இளைஞர்களும் இவ்விடத்திலே கணக்குத் தவறி, வழியில் வரும் மோட்டார் வண்டிகளைக் கைகாட்டி மறிக்கும் நிலைக்கு ஆளாவதுண்டு.

தண்ணீரும் காலும் உள்ளவருக்கோ இதன் பின்னரே சாலையின் அழகு முழுமையும் திறக்கின்றது. மலையின் பாறை நெற்றியைக் குடைந்து அடுத்தடுத்து இரண்டு சுரங்கவழிகள். அவற்றின் மேலேயுள்ள செங்குத்தான பாறைகளில் காட்டுச் செம்மறிகள் நிற்பதைச் சிலவேளை காணலாம். சத்தமிடும் எந்திரம் வந்தால் அவை மறைந்துவிடும்; ஓசையின்றி வரும் துவிச்சக்கர வண்டியை அவை நின்று பார்க்கும். ஐஸ்லிப் கணவாயிலே தெற்கிலிருந்து வரும் 39ஆம் இலக்கச் சாலை ஒன்று சேரவேண்டும். மண்சரிவினால் 1978ஆம் ஆண்டு மூடப்பட்ட அதன் கடைசி நாலரை மைல் அளவான துண்டு, பொதுமக்களுக்கு மீண்டும் ஒழுங்காகத் திறக்கப்படவேயில்லை. வரைபடத்திலே சாலை உண்டு. நிலத்திலே மலை அதைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது.

அங்கிருந்து இன்னும் ஏறினால் டோசன் கணவாய். 7,901 அடி. இச்சாலையின் மிக உயர்ந்த இடம் இதுவே. நமது பீதுருதாலகால மலையின் முடி இதனிலும் 380 அடிதான் கூடுதல். வடக்கே நோக்கினால் மொகாவிப் பாலைவனம் வெளுத்துக் கிடக்கின்றது. அருகே 9,399 அடி உயர்ந்து நிற்கும் சிகரத்துக்குச் சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவலின் பெயரை 1931ஆம் ஆண்டில் இட்டனர். அதன் முடியருகே காற்றினால் முறுக்குண்டு நிற்கும் லிம்பர் பைன் மரங்களுட் சில ஆயிரம் ஆண்டைத் தாண்டியவை. இந்தச் சாலை அவற்றின் வாழ்நாளில் நேற்று வந்தது. 1929ஆம் ஆண்டில் வேலை தொடங்கி, யுத்த காலத்தில் நின்று, 1956ஆம் ஆண்டிலேதான் முடிவுற்றது. சிறைக்கைதிகளைக் கொண்டுவந்து மலையிலே முகாமிட்டு வைத்து அவர்களைக் கொண்டும் பாறை உடைப்பித்தனர். இன்று உல்லாசமாகச் செல்லும் எவருக்கும் அவர்களின் பெயர் தெரியாது. மாரிக்காலத்தில் பனி மூடுவதால், ஐஸ்லிப் கணவாய்க்கும் வின்சென்ற் கணவாய்க்கும் இடைப்பட்ட இப்பகுதியை வருடந்தோறும் அடைத்துவிடுவார்கள். பெரும்பாலும் மே மாதமளவிலேதான் திறப்பார்கள். மண்சரிவு நேர்ந்த ஆண்டுகளில் அதற்கும் மேலாகும். எனவே புறப்படுமுன் எந்த எந்தப் பகுதி திறந்திருக்கின்றது என்று வீதிப் பகுதியாரிடம் விசாரித்தறிவது அவசியம்.

மலை ஏன் இவ்வாறு இடிந்துகொண்டே இருக்கின்றது? அது எழுந்துகொண்டே இருப்பதனால்தான். சான் அன்றியாஸ் என்னும் பெரும் நிலப்பிளவு இம்மலைகளின் வடபுறத்தை ஒட்டி, றைற்வுட் ஊரின் ஊடாகவே செல்கின்றது. பூமியின் மேலோடு நெருக்குண்டு மலையை மேலே தள்ளுகின்றது. 1971ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி நிகழ்ந்த பூமியதிர்ச்சியில் மலையின் சில பகுதிகள் ஆறடி வரை உயர்ந்தன. அவ்வாறு உயர்ந்து நொறுங்கிய பாறையைப் பிடித்து வைத்திருப்பது புதர்க்காட்டின் வேர்தான். தீ வந்து அந்தப் பிடியை அறுத்துவிடுகின்றது. பின்னர் மழை வருகின்றது. இம்மலைகளில் மழை சாதாரணமாகப் பெய்வதில்லை. 1943ஆம் ஆண்டு ஜனவரியில் இங்குள்ள ஓர் இடத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 26 அங்குலத்துக்கு மேல் பெய்தது.

தீயும் மழையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் என்னாகும் என்பதை லா கன்யாடாவுக்கு மேற்கேயுள்ள பள்ளத்தாக்கு ஊர்கள் 1934ஆம் ஆண்டு புதுவருட தினத்திலே கண்டன. முந்திய நவம்பரிலே மலைச்சரிவு எரிந்திருந்தது. டிசம்பர் முடிவிலே பெருமழை. நள்ளிரவிலே சேறும் பாறையும் மரமும் கலந்த ஒரு சுவர் மலையிலிருந்து இறங்கி வந்து வீடுகளை அள்ளிச் சென்றது. நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். புகலிடம் என்று நம்பி ஒரு மண்டபத்தில் ஒதுங்கியிருந்தோரும் அவர்களுள் அடங்குவர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கின்னி போன்றவர்கள் கூறிய எச்சரிக்கையை மலையே அந்த இரவிற் சேற்றினால் எழுதிக் காட்டிற்று.

அண்மைக் காலமும் அவ்வாறே. 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆந் திகதி, இச்சாலையின் ஓரத்திலேயே, லா கன்யாடாவுக்குச் சற்று மேலே, ஒரு தீ மூண்டது. யாரோ வேண்டுமென்றே வைத்த தீ அது என்று விசாரித்தோர் முடிவு செய்தனர். ஒரு இலட்சத்து அறுபதினாயிரம் ஏக்கர் எரிந்தது. தீயணைக்கும் வீரர் இருவர் உயிரிழந்தனர். சாலை நெடுங்காலம் மூடிக்கிடந்தது. 2020ஆம் ஆண்டில் மற்றொரு தீ வில்சன் மலை வானாய்வு நிலையத்தின் வாசல் வரை வந்து தடுக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு செப்ரெம்பரில் றைற்வுட்டில் வீடுகள் எரிந்தன. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் மலையின் தென்முகத்தில் எழுந்த தீ அல்ரடீனா என்ற ஊரின் ஆயிரக்கணக்கான வீடுகளைச் சாம்பராக்கியது. கருகிய மரங்கள் வரிசை வரிசையாக நிற்பதையும், அவற்றின் அடியில் இளம்புதர் பச்சை பிடிப்பதையும் மெதுவாக ஏறுபவர் மைற்கணக்காகக் காண்கிறார். எந்தச் சரிவு எந்த ஆண்டில் எரிந்தது என்பதைப் புதரின் உயரத்தைக் கொண்டே சொல்லிவிடும் ஓட்டக்காரர்களும் இருக்கின்றார்கள்.

இனி இறக்கம். ஏறும்போது ஆபத்து மெதுவாக வருகின்றது. இறங்கும்போது மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் வருகின்றது. ஒன்றரை மணி நேரமாகக் கால்கள் சேமித்த ஆயிரம் மீற்றர் உயரத்தையும் காற்றும் பிறேக்கும் சேர்ந்தே செலவழிக்கவேண்டும். பிறேக்கை இடைவிடாது பிடித்துக்கொண்டு இறங்கினால் சக்கரத்தின் விளிம்பு சூடேறும். உள்ளேயுள்ள ரியூப் வெடித்தாலும் வெடிக்கும். வளைவுக்கு முன்னே பிடித்து, வளைவிலே விட்டு, மீண்டும் அடுத்ததற்கு முன்னே பிடிக்கவேண்டும். வளைவின் நடுவிலே பிறேக்கை இறுக்குபவரை மணல் சறுக்கிவிடும். மணலோ எந்த வளைவிலும் இருக்கலாம். காலையிலே இல்லாத கல் மாலையிலே கிடக்கும். விடுமுறை நாட்களில் மோட்டார் சைக்கிள்கள் இச்சாலையை ஓட்டப்பந்தயத் திடலாக்கிவிடுவதும் உண்டு. வெள்ளைக் கோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் வளைந்து வரும் அவற்றுக்கு இடம்விட்டு, வலப்புற ஓரத்தை விடாது பற்றி இறங்குவதே தக்கது.

குளிரும் ஒரு பகை. ஏறும்போது நனைந்த சட்டை, இறங்கும்போது காற்றுப் பட்டு உடலை நடுங்கவைக்கும். நடுங்கும் கை பிறேக்கைச் சரியாகப் பிடிக்காது. ஐரோப்பிய ஓட்டக்காரர்கள் மலையுச்சியிலே நிற்போரிடம் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள்ளே மார்பிற் செருகிக்கொண்டு இறங்குவது நெடுங்கால வழக்கம். இன்று மடித்துப் பையில் வைக்கும் மெல்லிய மேற்சட்டைகள் வந்துவிட்டன. ஆயினும் செய்தித்தாளை வெல்லும் மலிவான உபாயம் இன்னும் வந்ததாகத் தெரியவில்லை.

ரெட் பொக்ஸ் கணவாயைத் தாண்டிவிட்டால் பிறகு பதினான்கு மைலும் இறக்கமே. ஏறுவதற்கு ஒன்றரை மணி எடுத்த வழியை, நிதானமாக இறங்குபவரும் முக்கால் மணியிற் கடந்துவிடுவார். மரங்களின் குளிர்ச்சி பின்னே நின்றுவிட, புதரின் பிசின் மணம் எழுகின்றது; வெப்பம் படிப்படியாக ஏறி முகத்திலே படுகின்றது. கடைசி வளைவுகளில் நகரத்தின் இரைச்சல் கேட்கத் தொடங்கும். முதல் வீடுகளை அணுகும்போது, இப்பகுதியின் பள்ளத்தாக்கு வாய்களிலே கற்சுவர் எழுப்பி அகழ்ந்த பெருங்குழிகளைக் காணலாம். 1934ஆம் ஆண்டின் அழிவுக்குப் பின், மலையடிவாரம் நெடுகிலும் இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட குழிகள் அமைக்கப்பட்டன. மலை இறக்கி விடும் சேற்றையும் பாறையையும் வீடுகளுக்கு முன்னே தடுத்து வாங்கிக்கொள்வதற்காக அவை. கோடையிலே அவை வெறுமையாகக் கிடக்கும். பெருமழை கழிந்ததும் பாரவண்டிகள் வரிசையாக வந்து, குழியில் நிரம்பிய மலையை அள்ளிக்கொண்டு, அடுத்த மழைக்கு இடம் செய்துவிட்டுப் போகும்.